ராமென் குறிப்பில் விடுபட்ட காரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் ராமென் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையையும், அதன் அடியில் கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்த செய்முறைக் குறிப்பையும் ஃபுகுவோகாவில் இருந்தபடி படித்தேன். வேலை நிமித்தம் ஜப்பானுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஏழு ஆண்டுகளை இந்த ஊரில்தான் கழித்திருக்கிறேன். ராமென் கடை இல்லாத தெருவை இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஜப்பானிய உணவுக்குத் தமிழில் முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. ராமென் 'ஆயிரம் ஆண்டுகளாக ஜப்பானிய வீடுகளில் சமைக்கப்பட்டு வரும் பாரம்பரிய உணவு' என்று கட்டுரை சொன்னது. கையில் கிடைக்கும் கோதுமை நூடுல்ஸ் எதையாவது வேகவைத்து, சோயா சாஸ் கலந்த கோழி சூப்பில் போட்டால் ராமென் ஆகிவிடும் என்று செய்முறை சொன்னது. ஒன்று வரலாற்றுப் பிழை, மற்றது சமையல் பிழை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். என் பார்வையில் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை: ராமெனை ராமென் ஆக்குவது எது என்று கட்டுரையாளர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

விடை ஒரே சொல்லில் அடங்கும்: காரம். மிளகாயின் காரத்தைச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேதியியலில் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்துப் படித்தோமே, அந்தக் காரம். (இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்துவிட்டதால், இதை நான் விளக்கப் புகும்போதெல்லாம் நண்பர்கள் மிளகாய்ப் பொடியைத் தேடுகிறார்கள்.) ஜப்பானியர் இதைக் 'கன்சுய்' என்பார்கள். பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் கலந்த உப்புதான் அது. மாவின் எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு அளவில் நீரில் கரைத்து மாவில் சேர்க்கப்படுகிறது. கோதுமை மாவும் உப்பும் நீரும் மட்டும் சேர்ந்தால் ஜப்பானில் அதற்குப் பெயர் உதோன். வெள்ளையாக, தடிப்பாக, மெத்தென்று இருக்கும். அதே மாவில் ஒரு சிட்டிகை கன்சுய் விழுந்தால் மாவு வேறு பிறவி எடுக்கிறது. கோதுமையில் இயல்பாகவே உள்ள ஃப்ளேவனாய்டு என்னும் நிறமற்ற பொருள்கள் காரம் பட்டதும் மஞ்சளாகின்றன. குளூட்டன் என்னும் மாவுப் புரதம் இறுகி, இழை இழுத்தால் மீளும் தன்மை பெறுகிறது. கொதிக்கும் சாற்றில் கிடந்தாலும் எளிதில் குழைந்துபோகாத உறுதி வருகிறது. கூடவே தனித்த ஒரு மணமும் வருகிறது. ராமென் நூடுல்ஸின் மஞ்சள் நிறம் முட்டையால் வருவது என்று தங்கள் கட்டுரை குறிப்பிட்டிருந்தது. சில கடைக்காரர்கள் முட்டையும் சேர்ப்பதுண்டு என்றாலும், முட்டையே படாத மாவும் காரத்தால் மஞ்சளாகும்.

இந்தக் கார நூடுல்ஸ் சீனத்துக்குரியது. உள்மங்கோலியாவின் உவர் ஏரிகளிலிருந்து கிடைத்த உப்பை மாவில் சேர்க்கும் வழக்கம் அங்கே பழையது. 'லாமியன்' என்ற சீனச் சொல்லுக்கு இழுத்துச் செய்த நூடுல்ஸ் என்று பொருள், 'ராமென்' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆகவே ராமெனின் வரலாற்றை எழுதுகிறவர் இந்த இழை ஜப்பானுக்குள் எப்போது, யார் கையால் வந்தது என்று கேட்டாலே போதும். ஆயிரம் ஆண்டுக் கதை தானாக உதிர்ந்துவிடும்.

இறைச்சியை வைத்துப் பார்த்தாலும் அந்தக் கதை நிற்காது. கி.பி. 675இல் தென்மு பேரரசர் பிறப்பித்த ஆணை தொடங்கி, பௌத்தத்தின் செல்வாக்கால் ஜப்பானில் கால்நடை இறைச்சி உண்பது நெடுங்காலம் விலக்காகவே இருந்தது. விதிவிலக்குகள் உண்டு, மலைப்புறங்களில் வேட்டையாடித் தின்றார்கள், மருந்து என்று பெயரிட்டும் தின்றார்கள். ஆனால் 1872இல் மெய்ஜி பேரரசர் தாம் மாட்டிறைச்சி உண்டதை வெளிப்படையாக அறிவித்த பிறகுதான் அது நாகரிகத்தின் அடையாளமாக மாறியது. பன்றி எலும்பை நாள் முழுதும் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அத்தகைய நாட்டில் ஆயிரம் ஆண்டுகளாக வீட்டுச் சமையலாக இருந்திருக்க வழியே இல்லை.

தங்கள் கட்டுரையாளர் எந்தச் செய்தியைப் பார்த்து மயங்கியிருப்பார் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. மித்தோ பகுதியின் பிரபு தொகுகவா மித்சுகுனி, சீன அறிஞர் ஜூ ஷுன்ஷுயின் வழியாக 17ஆம் நூற்றாண்டிலேயே ராமென் சுவைத்தார் என்ற கதை இங்கே பிரபலம். அதற்கும் முந்தைய சான்றாக, 1488ஆம் ஆண்டின் கியோட்டோ மடத்து நாட்குறிப்பு ஒன்றில் 'கெய்தைமென்' என்ற சீன நூடுல்ஸ் விருந்தினருக்குப் பரிமாறப்பட்ட செய்தி இருப்பதாகவும் சில ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்டது. இவை சுவையான செய்திகள்தாம், மறுக்கவில்லை. ஒரு துறவி ஒருமுறை சமைத்ததும் ஒரு பிரபு ஒருமுறை சுவைத்ததும் அந்தந்த மேசையோடு முடிந்துவிட்டன. அங்கிருந்து இன்றைய கடை வரைக்கும் நூல் பிடித்தாற்போல் ஒரு தொடர்ச்சி கிடையாது.

தொடர்ச்சி துறைமுகங்களில் தொடங்குகிறது. 1859இல் யோகோஹாமா, நாகசாகி, ஹகோதாதே ஆகிய துறைமுகங்கள் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டபோது, மேற்கத்திய வணிகர்களோடு சீனத் தொழிலாளரும் சமையற்காரரும் வந்து இறங்கினர். யோகோஹாமாவில் அவர்கள் குடியிருந்த பகுதியை ஜப்பானியர் 'நான்கின் மாச்சி' என்றார்கள். அங்கே விற்ற நூடுல்ஸ் 'நான்கின் சோபா' ஆயிற்று. அயல்நாட்டார் தங்களுக்கென ஒதுக்கிய எல்லைக்குள்தான் வாழ வேண்டும் என்ற ஏற்பாடு 1899இல் முடிவுக்கு வந்தது. அந்த உணவும் எல்லையைத் தாண்டி ஊருக்குள் நடந்தது. 1910இல், யோகோஹாமா சுங்கத்துறையில் பணியாற்றியிருந்த ஒசாகி கன்இச்சி என்பவர் தோக்கியோவின் அசாகுசா பகுதியில் 'ராய்ராய்கென்' என்ற கடையைத் திறந்தார். முதலாளி ஜப்பானியர், அடுப்படியில் நின்றவர்கள் யோகோஹாமாவிலிருந்து அவர் அழைத்து வந்த 12 சீனச் சமையற்காரர்கள். வாடிக்கையாளர்களோ, அசாகுசாவுக்குப் பொழுதுபோக்க வரும் சாதாரண மக்கள். சீனரின் நூடுல்ஸும் எலும்புச் சாறும் ஜப்பானியரின் சோயா சாஸோடு கைகோத்து, சாஷூ என்னும் பன்றி இறைச்சித் துண்டையும் மூங்கில் குருத்தையும் மேலே சுமந்துகொண்டு ஒரே கிண்ணத்தில் அமர்ந்த அந்த வடிவமே தோக்கியோ ராமெனின் அடித்தளம். அந்தக் கடை 1976 வரை நடந்தது. நாள் குறித்துச் சொல்லக்கூடிய வேர் வேண்டுமென்றால் எனக்கு இது போதும். நூற்றுப் பதினைந்து ஆண்டு சொச்சம், ஆயிரம் இல்லை.

பெயரின் வரலாற்றையும் தாங்கள் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம். நான்கின் சோபா பிறகு 'ஷினா சோபா' என்று வழங்கியது. 'ஷினா' என்ற சொல்லில் சீனர்கள் இழிவை உணர்ந்ததால், போருக்குப் பின் அது கைவிடப்பட்டு 'சூகா சோபா' வந்தது. இன்றும் பழைய பாணிக் கடைகளின் துணித் தொங்கலில் இந்தப் பெயரைக் காணலாம். 'சோபா' என்றிருந்தாலும் அதில் சோபா எனப்படும் பக்வீட் தானியம் துளியும் இல்லை. 'ராமென்' என்ற சொல் ஆங்காங்கே முன்பே புழங்கியிருந்தாலும், நாடு முழுவதற்கும் பொதுப் பெயராக அதை நிலைநிறுத்தியது ஒரு பொட்டலம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடையில் பசி வந்தது. 1945இல் ஜப்பான் தோற்றபோது நெல் விளைச்சலும் பொய்த்திருந்தது. கொரியா, தைவான், மஞ்சூரியா முதலிய இடங்களிலிருந்து படைவீரரும் குடிமக்களுமாக 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தனர். பங்கீட்டுக் கடையில் கிடைத்தது போதாமல் மக்கள் கள்ளச் சந்தைகளில் உயிர் பிழைத்தார்கள். அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்க, அரிசியே உணவு என்று இருந்த நாடு மாவைத் தின்னப் பழகியது. சீனத்தில் வாழ்ந்து திரும்பியவர்களுக்கு அந்த மாவை என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. 'யதாய்' எனப்படும் தள்ளுவண்டிக் கடைகளில் ராமென் கொதித்தது. கொழுப்பும் உப்பும் சூடும் ஒரே கிண்ணத்தில் மலிவாகக் கிடைத்ததுதான் அதன் கவர்ச்சி. அன்றைக்கு அதை யாரும் கலை என்று சொல்லிக் கொண்டாடவில்லை. 'சருமேரா' என்ற ஊதுகுழலை ஊதிக்கொண்டு இரவில் வண்டி தள்ளி வருவார்கள். அந்தக் குழலின் பெயரே போர்த்துக்கீசியச் சொல். சீன இழை, அமெரிக்க மாவு, போர்த்துக்கீசியக் குழல். இதைத்தான் 'கலப்பில்லாத ஜப்பானிய மரபு' என்று தங்கள் கட்டுரை புகழ்ந்திருந்தது.

ஊருக்கு ஊர் ராமென் வேறுபட்டதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். எல்லா வகைகளையும் அடுக்கினால் கடிதம் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும் என்பதால் இரண்டை மட்டும் சொல்கிறேன். வடக்கே சப்போரோவில், 'அஜி நோ சன்பெய்' கடையின் ஓமியா மொரிதோ 1950களின் நடுவில் மிசோ என்னும் சோயா விழுதை ராமெனில் சேர்த்தார். அந்த ஊர்க் குளிருக்கு ஏற்ப, உருகிய பன்றிக் கொழுப்பு மேலே படலமாக நின்று சூட்டைக் காக்கும். நூடுல்ஸ் தடிப்பாகச் சுருண்டிருக்கும், அதன் மாவில் நீர் அதிகம். தெற்கே, நான் வாழும் ஃபுகுவோகா மாகாணத்தின் குருமே நகரில், 1937இல் 'நான்கின் சென்ரியோ' என்ற தள்ளுவண்டியில் பன்றி எலும்புச் சாறு தொடங்கியது. அன்று அது பால்போல் வெளுத்திருக்கவில்லை. போருக்குப் பின் அதே ஊரின் வேறொரு கடையில் அடுப்பை யாரோ கவனிக்காமல் விட, எலும்பு மணிக்கணக்கில் தளதளவென்று கொதித்து வெள்ளையாகிவிட்டது. கொட்டுவதற்கு முன் சுவைத்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. கதை எப்படியோ, காரணம் தெளிவானது: எலும்பிலிருந்து கரைந்துவரும் ஜெலட்டின், கடுங்கொதியில் சிதறிய கொழுப்புத் துளிகளைத் தழுவி நீரில் பிரியாமல் நிறுத்துகிறது. பாலின் வெண்மைக்கும் இப்படி நீரில் பரவி நிற்கும் கொழுப்புத் துளிகள் ஒரு காரணம்.

ஃபுகுவோகா நகரின் ஹகாதா பகுதிப் பெயரால் வழங்கும் ஹகாதா ராமெனின் இழை சப்போரோவுக்கு நேர் எதிர்: ஊசிபோல் மெல்லியது, நேரானது. நூறு கிராம் மாவுக்கு முப்பது கிராம் நீர்கூடச் சேராது. மீன் சந்தை உழைப்பாளிகளுக்குக் காத்திருக்க நேரமில்லாததால், நாகஹாமா பகுதிக் கடைகளில் நொடிகளில் வேகும் மெல்லிய நூடுல்ஸ் நிலைபெற்றது என்பார்கள். நீர் குறைந்த இழை சாற்றை விரைவில் குடித்து ஊறிவிடும். அதனால் முதலிலேயே நிறையப் போடாமல், சாறு மிச்சமிருக்கும்போது நூடுல்ஸை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும் 'காயெதாமா' என்ற ஏற்பாடு வந்தது. எவ்வளவு வேக வேண்டும் என்பதற்கும் இங்கே சொல் உண்டு. 'காதா' என்றால் விறைப்பு. 'பாரிகாதா' மிக விறைப்பு. 'ஹரிகானே', அதாவது கம்பி. அதற்கும் மேலே 'கொனாஓதோஷி', மாவுப் பொடியை உதறிவிட்டாலே போதும் என்று பொருள். சாற்றைப் பற்றிய ஒரு சொல்கூட இல்லாமல், இழையின் விறைப்பை மட்டும் உரக்கச் சொல்லி ஆர்டர் கொடுக்கிறார்கள் என்பதைத் தங்கள் கட்டுரையாளரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இனி அந்தப் பொட்டலம். தைவானில் 1910இல் பிறந்து ஒசாகா பகுதியில் குடியேறிய அந்தோ மொமொஃபுகு, தாம் தலைமை வகித்த கடன் சங்கம் நொடித்துப் போனதில் கையிருப்பை இழந்தவர். இக்கேதா நகரில் வீட்டுக் கொல்லையில் போட்ட கொட்டகையில் ஓராண்டு உழைத்து, வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தும் முறையைக் கண்டறிந்தார். பொரியும்போது இழையிலுள்ள நீர் ஆவியாக வெளியேறி நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. வெந்நீர் ஊற்றினால் அந்தத் துளைகள் வழியே நீர் திரும்பப் புகுகிறது. 1958 ஆகஸ்ட் 25இல் 'சிக்கின் ராமென்' 35 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அப்போது ஒரு பிடி உதோன் 6 யென்தான் என்பதால், இன்று மலிவுக்குப் பெயர்போன அந்தப் பண்டம் பிறக்கும்போது ஆடம்பரமாகவே பிறந்தது. 1971இல் 'கப் நூடுல்' வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அசாமா மலையடிவார விடுதி ஒன்றில் ஆயுதக்குழுவினர் பிணையாளோடு பதுங்கியபோது, உறைபனியில் காவலிருந்த போலீஸார் ஆவி பறக்கும் அந்தக் கோப்பைகளைக் கையிலேந்தி உண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. எந்த விளம்பரத்தாலும் அது கிடைத்திருக்காது. பொட்டலத்தை நான் இழிவாகப் பேச மாட்டேன். 'ராமென்' என்ற சொல்லை உலகெங்கும் கொண்டுபோனதே அதுதான். ஆனால் பொட்டலத்தின் தலையில் சூப்பை ஊற்றி 'வீட்டு ராமென்' என்று பெயரிடுவது வேறு விஷயம்.

செய்முறைக்கு வருகிறேன். தங்கள் குறிப்பு சாற்றுக்குப் பன்னிரண்டு வரிகளும் நூடுல்ஸுக்கு ஒரு வரியும் தந்திருந்தது. நான் தலைகீழாகச் செய்வேன்.

கன்சுய் எல்லா ஊரிலும் கிடைக்காது. சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா, எங்கும் கிடைக்கும். ஆனால் அதை அப்படியே மாவில் கலந்தால் போதிய காரம் இருக்காது. அந்தச் சோடாவான சோடியம் பைகார்பனேட்டின் கரைசல், காரத்தன்மையைக் காட்டும் pH அளவுகோலில் ஏறக்குறைய 8.3 என்ற அளவோடு நிற்கிறது; சோடியம் கார்பனேட் 11ஐத் தொடும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற வெப்பம் போதும். 100 கிராம் சமையல் சோடாவை ஒரு எவர்சில்வர் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, அடுமனை அடுப்பில் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி 63 கிராம் அளவுக்கு எஞ்சும். எடை இப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததா என்று பார்ப்பதே மாற்றம் முடிந்ததற்கான சோதனை. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடிதான்.

இதை அறியாத காலத்தில் நான் செய்த முதல் முயற்சியைச் சொல்லிவிடுகிறேன். காரம் போதவில்லை என்று நானாகவே முடிவுகட்டி, சமையல் சோடாவை இரண்டு மேசைக்கரண்டி அள்ளிப் போட்டேன். மாவு பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் திரண்டது. வேகவைத்தபோது பாத்திரம் நுரைத்து வழிந்தது. வாயில் வைத்தால் துணி சோப்பு. அன்றைய இரவு உணவைப் பக்கத்துக் கடையில் முடித்துக்கொண்டோம்.

சரியான அளவு நால்வருக்கு இதுதான்: புரதம் மிகுந்த ரொட்டி மாவு 400 கிராம், சூடேற்றி மாற்றிய சோடா 5 கிராம், உப்பு 4 கிராம், நீர் 155 கிராம். மைதாவில் புரதம் குறைவு. அதை மட்டும் வைத்துச் செய்தால் இழை அறுபடும். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, தராசு வேண்டும். சோடாவையும் உப்பையும் நீரில் முழுதும் கரைத்து, மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து விரல் நுனியால் கிளற வேண்டும். கைபட்டுப் பிசைந்த உருண்டை போல இது வராது. நனைந்த ரொட்டித் தூள் மாதிரி உதிரியாகவே நிற்கும். இந்த இடத்தில் மனம் தளர்ந்து இன்னும் சிறிது நீர் விடத் தோன்றும், விடக்கூடாது. கரைசல் பட்ட இடங்களில் மட்டும் மஞ்சள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஈரத்துணி போர்த்தி அரை மணி நேரம் விட்டு வந்து பார்த்தால் மஞ்சள் எங்கும் பரவியிருக்கும், பிடித்தால் கட்டியாகும். பிறகு தடித்த பாலித்தீன் பையில் போட்டு, பையின் மேல் ஏறி நின்று குதிகாலால் மிதித்துத் தட்டையாக்கலாம். உதோனுக்கு ஜப்பானியர் காலங்காலமாகச் செய்யும் வேலை இது. கையால் இந்த மாவை அடக்க முடியாது என்பது முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கைப்பிடி சுற்றும் மாவுத் தகட்டு எந்திரம் இருந்தால் அகலமான இடைவெளியில் தொடங்கி, தகட்டை மடித்து மடித்து மூன்று நான்கு முறை விட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை விளிம்பெல்லாம் கிழிந்து கந்தலாக வரும். மூன்றாம் மடிப்பில் பட்டுப்போல வழவழப்பாகிவிடும். வெட்டிய இழைகளின் மேல் சோள மாவைத் தூவி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் இன்னும் நன்று.

சாற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தங்கள் குறிப்பே பெரிதும் சரியாக இருந்தது, ஒரே ஒரு பெரும் தவறைத் தவிர: சாற்றில் உப்பிடச் சொன்னது. ராமென் சாற்றில் உப்பே சேர்க்கக்கூடாது. உப்பும் அழுத்தமான சுவையும் 'தரே' என்ற தனிச் சுவைக்குழம்பில் இருக்கின்றன. கடைக்காரர் ஒரே அண்டாச் சாற்றிலிருந்து உப்பு ராமெனும் சோயா ராமெனும் மிசோ ராமெனும் கொடுக்க முடிவது அதனால்தான். வீட்டுக்கு 150 மில்லி சோயா சாஸ், 30 மில்லி மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, 30 மில்லி சாகே என்னும் அரிசி மது ஆகியவற்றை ஒரு கொதி விட்டு இறக்கினால் எளிய தரே தயார். ஒன்றரைக் கிலோ கோழி எலும்பை, கிடைத்தால் சில கோழிக் கால்களோடு, இரண்டரை லிட்டர் நீரில் குமிழ் மட்டும் எழும் சூட்டில் நான்கு ஐந்து மணி நேரம் வைத்தால் தெளிந்த சாறு கிடைக்கும். இஞ்சியையும் வெங்காயத் தாளையும் கடைசி ஒரு மணி நேரத்தில் போட்டால் போதும். தனியே, அரை லிட்டர் நீரில் 10 கிராம் 'கொம்பு' (நம் கொம்புக்கும் இதற்கும் உறவில்லை, இது ஒரு கடற்பாசி) இரவு முழுதும் ஊறவைத்து, கொதி வருமுன் எடுத்துவிட்டு, கட்சுவோபுஷி என்ற மீன் சீவலை ஒரு பிடி போட்டு வடிகட்டிக் கோழிச் சாற்றோடு சேர்க்கலாம். கடற்பாசியிலுள்ள குளூட்டமிக் அமிலத்தை 1908இல் வேதியியலாளர் இக்கேதா கிகுனாயே பிரித்தெடுத்து அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913இல் கொதாமா ஷிந்தாரோ மீன் சீவலின் சுவை இனோசினேட்டால் வருவது என்று காட்டினார். இரண்டும் ஒன்றுசேரும்போது சுவை கூட்டலாக வளராமல் பன்மடங்காகிறது. மீன் வேண்டாதவர்கள் அதற்குப் பதில் உலர்ந்த ஷீதாகே காளானைப் பயன்படுத்தினால், அதிலுள்ள குவானிலேட் அதே வேலையைச் செய்யும்.

கிண்ணத்தில் சேர்க்கும் வரிசையையும் தங்கள் குறிப்பு கவனிக்கவில்லை. நான் வழக்கமாகச் செல்லும் ஆற்றங்கரை யதாயில் எட்டுப் பேர் மட்டும் அமரலாம். முழங்கை இடிக்க உட்கார்ந்தால் சமையற்காரரின் கை நமக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கும். அவர் கிண்ணத்தை முதலில் வெந்நீரால் நிரப்பிச் சூடாக்குகிறார். நூடுல்ஸ் கொதிநீரில் விழுந்த பிறகுதான் அந்த வெந்நீரைக் கொட்டிவிட்டுத் தரே ஒரு சிறு அகப்பை, மணமூட்டிய கொழுப்பு அரை அகப்பை விடுகிறார். மேலே சாறு விழும்போது கொழுப்பு வட்ட வட்டமாக எழும்புகிறது. அந்த நொடியில் வடிகூடையை எடுத்து, தோளிலிருந்து இறக்கும் வீச்சில் இரண்டு முறை உதறுகிறார். ஒட்டியிருக்கும் நீர் சாற்றை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் இந்த உதறலில் அவர் சமரசம் செய்வதே இல்லை. எதிரே இருப்பவர்களின் கண்ணாடியில் துளி தெறிப்பதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. இழையைச் சாற்றில் இறக்கி, சாப்பிடுகோலால் ஒருமுறை தூக்கி மடித்துப் பரப்பியபின், இறைச்சித் துண்டு, வெங்காயத் தாள், நோரி என்னும் கடற்பாசித் தாள். இழையைத் தூக்கியதிலிருந்து கிண்ணம் நம் முன் வரும்வரை அரை நிமிடம்கூட ஆகாது. வீட்டில் அளவு இப்படி: கிண்ணத்துக்குத் தரே 30 மில்லி, கொழுப்பு ஒரு மேசைக்கரண்டி, சாறு 330 மில்லி, நூடுல்ஸ் 140 கிராம். ஒன்றரை மில்லிமீட்டர் இழைக்கு நிறையத் தண்ணீரில் ஒன்றரை நிமிடக் கொதி போதும். எல்லோரும் மேசைக்கு வந்து அமர்ந்த பிறகே நூடுல்ஸைக் கொதிநீரில் போட வேண்டும். ஆறினால் இழை 'நீண்டுவிட்டது' என்பார்கள் இங்கே. ஊதிப் பெருத்த நூடுல்ஸுக்கு அதுதான் சொல். படம் எடுத்துப் பகிர்ந்துவிட்டுச் சாப்பிடலாம் என்று தங்கள் குறிப்பின் கடைசி வரி யோசனை சொல்லியிருந்ததைப் படித்து என் மனைவி சிரித்துவிட்டார்.

தாங்கள் அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் நூடுல்ஸ் அளவுகளை முழுமையாகவும், சோடாவைச் சூடேற்றும் முறையைக் கீழ்க்காணும் எச்சரிக்கையோடும் அச்சிட வேண்டுகிறேன். சூடேற்றிய சோடா வெறும் கையில் பட்டால் தோல் எரியும், கண்ணில் பட்டால் கேடு. அலுமினியத் தட்டோ அலுமினியத் தாளோ இதற்கு ஆகாது. எஞ்சியதைக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, மேலே பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, சமையல் சோடா இருக்கும் தட்டிலிருந்து வேறு தட்டில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
ஃபுகுவோகா, ஜப்பான்